ரியூசன் எடுக்கும் பட்டதாரிக்கு வேலை இருக்கிறதா? தொகைமதிப்பு தொழிலை அளக்கும் முறை

இலங்கையின் தொழிலின்மை வீதம் 2023ஆம் ஆண்டில் 4.7 சதவீதம். பொருளாதாரம் நொறுங்கிய 2022ஆம் ஆண்டிலும் அதே 4.7 தான். எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாகக் கழிந்து, கட்டட வேலைகள் பாதியில் நின்ற ஓர் ஆண்டில் நூற்றில் ஐந்து பேர்கூட வேலையில்லாமல் இருக்கவில்லையா? யாழ்ப்பாணத்தில் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பவர்களே அதிகம். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்து போராடியதைப் பார்த்த ஊர் இது.

எண்ணில் பொய் இல்லை. அதை உண்டாக்கும் வரைவிலக்கணம்தான் நாம் நினைப்பதிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. 2024 டிசெம்பர் 19ஐக் கணக்கெடுப்புத் தருணமாகக் கொண்டு நடந்த குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பின் முடிவுகளை வைத்து இனிப் பல வருடங்களுக்குப் பேச்சு நடக்கும். அதில் தொழில் பற்றிய அட்டவணைகளை வாசிக்குமுன், ஒருவரை எந்த விதியின்படி எந்தப் பெட்டிக்குள் போடுகிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது.

மூன்று பிரிவுகள்

15 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரையும் மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

1. தொழிலில் உள்ளோர். குறித்த காலத்தில், வழக்கமாகக் கடந்த ஒரு கிழமையில், கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தவர்கள். குடும்பத்தின் கடையிலோ தோட்டத்திலோ சம்பளமின்றி உதவியவர்களும் இதற்குள் வருவர். வேலை இருந்தும் சுகயீனம், லீவு போன்ற காரணங்களால் அந்தக் கிழமை போகாதவர்களும் இதற்குள்தான்.

2. தொழிலற்றோர். அந்தக் கிழமை ஒரு மணித்தியாலமும் வேலை செய்யாதவர்கள். அதோடு அண்மைக்காலத்தில், பெரும்பாலும் கடந்த நான்கு கிழமைகளுக்குள், வேலை தேடியவர்கள். அதோடு இப்போது வேலை கிடைத்தால் போகத் தயாராக இருப்பவர்கள். மூன்று நிபந்தனையும் ஒருங்கே பொருந்த வேண்டும். ஒன்று தவறினாலும் அவர் இந்தப் பிரிவில் இல்லை.

3. தொழிற்படைக்கு வெளியே உள்ளோர். மேற்சொன்ன இரண்டிலும் அடங்காத எல்லோரும்: மாணவர்கள், வீட்டுப் பொறுப்பைப் பார்ப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், உடலால் இயலாதவர்கள், தேடிக் களைத்து விட்டவர்கள்.

முதல் இரண்டு பிரிவையும் சேர்த்தால் வருவது தொழிற்படை. தொழிலின்மை வீதம் என்பது தொழிலற்றோரைத் தொழிற்படையால் வகுத்து நூறால் பெருக்கிய எண். சனத்தொகையால் வகுப்பதில்லை, 15 வயதைக் கடந்தவர்களின் மொத்தத்தாலும் வகுப்பதில்லை. பத்திரிகைச் செய்திகளில் பாதிக் குழப்பம் இந்த ஒரு வகுத்தலில்தான் கிடக்கிறது.

ஒரு மணித்தியாலம் எங்கிருந்து வந்தது?

முன்னைய தொகைமதிப்புகள் இப்படிக் கேட்கவில்லை. "உம்முடைய தொழில் என்ன?" என்பதே கேள்வி. தச்சர் என்றால் தச்சர். ஆறு மாதமாக உளியைத் தொடாவிட்டாலும் தச்சர்தான். 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வேலையிழந்தபோது இந்தக் கேள்வியின் குறை வெளிப்பட்டது. எத்தனை பேர் உண்மையில் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்தால் சொல்ல முடியவில்லை. 1940இல் அங்கு நடந்த தொகைமதிப்பு குறித்த ஒரு கிழமையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டது. அந்தச் சிந்தனையே 1954இல் சர்வதேசத் தொழிற் புள்ளிவிபரவியலாளர் மாநாட்டின் தீர்மானமாகவும், 1982இல் திருத்தப்பட்டு உலக வழக்காகவும் மாறியது.

ஒரு மணித்தியாலம் என்ற எல்லைக்கு ஒரு காரணம் உண்டு. நாட்டின் உற்பத்திக் கணக்கில் எல்லோருடைய உழைப்பும் சேர வேண்டும். ஒரு மணித்தியால உழைப்பும் உற்பத்திதான். தொழிலின்மை என்பது வேலை அறவே இல்லாத நிலை என்று வைத்துக்கொண்டால், கொஞ்ச வேலை உள்ளவர்களைப் பிறகு மணித்தியாலக் கணக்கைக் கொண்டு தனியாகப் பிரித்தெடுக்கலாம். பொருளியலாளருக்கு இது சரியான ஏற்பாடு. வேலை தேடி அலைகிறவருக்கு இது அநியாயமாகவே படும். இரண்டு பக்கமும் பிழை சொல்ல முடியாது. ஆனால் மணித்தியாலக் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் தலைப்பு எண்ணை மட்டும் தூக்கிப் பிடிக்கும் அமைச்சர்களையும் செய்தியாளர்களையும் பிழை சொல்லலாம்.

படலையடியில் நடப்பது

சுன்னாகத்துப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். கணக்கெடுப்பாளர் வருகிறார். 2024இல் கையில் படிவக்கட்டுக்குப் பதிலாக ரப்லெட் இருந்தது. வீட்டுக்கார அம்மாதான் பதில் சொல்கிறார்.

"மகன் என்ன செய்யிறார் அம்மா?"

"கம்பஸ் முடிச்சிட்டு நிக்கிறான் தம்பி. வேலை ஒண்டும் கிடைக்கேல்லை."

"போன கிழமை வருமானத்துக்கு ஏதும் செய்தவரோ, ஒரு மணித்தியாலமாவது?"

"பின்னேரத்தில ரண்டு வகுப்பு எடுக்கிறவன். அது வேலையே?"

"மூத்த மகன்ர மனுசி?"

"அவ சும்மா வீட்டிலதான்."

"ஐயா?"

"அவர் பென்சன் எடுத்தவர், வாத்தியார்."

இந்த நாலு பதிலையும் விதியோடு வைத்துப் பார்ப்போம்.

மகன் தொழிலில் உள்ளவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துக் காசு வாங்கினாலும், போன கிழமை அவர் சொந்தக் கணக்கில் தொழில் செய்தவர். அவர் தொழிலற்றோர் பட்டியலில் வரவே மாட்டார். யாழ்ப்பாணத்தில் வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளில் ரியூசன் எடுக்காதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே போராட்டப் பந்தலில் இருந்தவர்களில் கணிசமானோர் புள்ளிவிபரப்படி வேலை உள்ளவர்களாக இருந்திருக்கக்கூடும்.

ரியூசனும் எடுக்காத, அடுத்த அரசாங்க ஆட்சேர்ப்பு எப்போது என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் இன்னொரு பட்டதாரியை எடுங்கள். கடந்த நான்கு கிழமைகளில் அவர் எந்த விண்ணப்பமும் போடவில்லை. அப்படியானால் அவர் "தேடியவர்" அல்லர். தொழிற்படைக்கு வெளியே போகிறார். வேலை தேடும் செயல்கள் என்று சர்வதேச விதி ஒரு பட்டியல் தருகிறது: விண்ணப்பிப்பது, நேர்முகத்துக்குப் போவது, தெரிந்தவர்களிடம் கேட்பது, சொந்தமாகத் தொழில் தொடங்க இடமோ கடனோ தேடுவது என்று அது நீளும். செயலகத்தின் முன் பந்தல் போட்டு இருப்பது தேடலா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

2020இல் அரசாங்கம் ஐம்பதினாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுக்கத் தொடங்கியது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். பிரதேச செயலகத்தில் உட்கார ஒரு கதிரை கிடைத்ததோ இல்லையோ, கொடுப்பனவு வாங்கியதால் அவர்கள் தொழிலில் உள்ளோர்.

ஐயா ஓய்வுபெற்றவர் என்று பதிவானார். ஆனால் அவர் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிறார்; அறுவடையைச் சந்தைக்குக் கொடுக்கிறார். விதிப்படி அவர் சொந்தக் கணக்கில் தொழில் புரியும் விவசாயி. ஓய்வூதியம் வருகிறதா என்பது தொழில் இருக்கிறதா என்ற கேள்வியோடு சம்பந்தமில்லாதது.

மருமகளின் கதைதான் கனமானது. அதற்குத் தனியாக இடம் வேண்டும்.

"சும்மா வீட்டிலதான்"

அந்தப் பெண் காலையில் கணவனின் கடையைத் திறந்து பத்து மணிவரை கல்லாவில் இருக்கிறார். மிளகாய் வறுத்து இடித்துத் தூளாக்கிப் பொதி கட்டுகிறார். ஒடியல் மாவும் சேர்த்து, கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்களிடம் கொடுத்துவிட ஊரில் உள்ளவர்கள் வாங்கிப் போகிறார்கள். முதலாவது, குடும்பத் தொழிலில் பங்களிக்கும் உழைப்பு. இரண்டாவது, சொந்தக் கணக்கில் தொழில். இரண்டில் ஒன்று போதும், அவர் தொழிலில் உள்ளவராக எண்ணப்பட. மாமியாரின் ஒரு சொல்லில் அவர் தொழிற்படைக்கு வெளியே போய்விட்டார்.

1954இன் விதி, சம்பளமில்லாத குடும்பத் தொழிலாளரை எண்ணுவதற்கு அவர் வழமையான வேலைநேரத்தின் மூன்றிலொரு பங்காவது உழைத்திருக்க வேண்டும் என்றது. 1982இல் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டது. மற்றவர்களைப் போலவே ஒரு மணித்தியாலம் போதும் என்றானது. தாளில் பெண்களின் உழைப்பு அன்றே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. வீட்டு வாசலில் அது இன்னும் விடுபட்டுப் போவதற்குக் காரணங்கள் சில உண்டு.

ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறார். தொகைமதிப்பில் இதைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகச் சந்திக்க வேண்டுமென்றால் கணக்கெடுப்பு முடியவே முடியாது. பதில் சொல்பவர் மாமனாராகவோ கணவனாகவோ இருந்தால், பெண்ணின் வேலை "உதவி" ஆகிவிடுகிறது. கேள்வியும் குறுகியது. "வேலை செய்தவரா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்ற பதில் வரும். "கடையிலோ தோட்டத்திலோ உதவினவரா? ஏதும் செய்து வித்தவரா? கோழி, ஆடு வளர்த்து வித்தவரா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பதில் மாறும். தெரிவுசெய்த வீடுகளில் மட்டும் காலாண்டுதோறும் நடக்கும் தொழிற்படை ஆய்வில் இப்படித் துருவிக் கேட்க நேரம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டின் கூரை, கிணறு, மலசலகூடம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கேட்டு முடிக்க வேண்டிய தொகைமதிப்பில் அது இல்லை.

அஸ்வெசும போன்ற அரசாங்க உதவி வாங்கும் வீடுகளில், வேலை இருக்கிறது என்று சொன்னால் உதவி வெட்டப்படுமோ என்ற பயமும் நியாயமாகவே இருக்கும். தொகைமதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தனியாள் விபரத்தை வேறு தேவைக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வந்திருப்பவர் அதே பிரதேச செயலகத்தில் கண்ட முகமாக இருந்தால், அல்லது விதானையாரும் (கிராம அலுவலரும்) கூடவே வந்து நின்றால், சட்டத்தை நினைத்து யார் ஆறுதல் அடைவார்?

நாடு முழுவதற்குமான தொழிற்படை ஆய்வின்படி 2023இல் 15 வயதைக் கடந்த ஆண்களில் நூற்றுக்கு 68 பேருக்கு மேல் தொழிற்படையில் இருந்தார்கள். பெண்களில் 31 பேரளவில். துருவிக் கேட்கும் ஆய்விலேயே இடைவெளி இவ்வளவு. ஒரு பகுதி உண்மையான இடைவெளி: பிள்ளை பராமரிப்பு, போக்குவரத்து, வேலையிடத்தில் சம்பளம் போதாமை. இன்னொரு பகுதி எண்ணத் தவறியது. எது எவ்வளவு என்று பிரிப்பதற்குத் தலைப்பு எண் உதவாது.

தேடுவதை நிறுத்தினால் வீதம் இறங்கும்

ஒரு சிறிய கணக்கு. ஒரு கிராமத்தில் 15 வயதைக் கடந்தவர்கள் 1,000 பேர் என்று வைப்போம். 470 பேர் தொழிலில், 30 பேர் தொழிலற்றோர், 500 பேர் வெளியே. தொழிற்படை 500. வீதம் 6 சதவீதம். இப்போது மூன்று விதமான மாற்றங்கள்.

1. தொழிலற்ற 30 பேரில் 15 பேர் அலுத்துப்போய்த் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். தொழிலற்றோர் 15, தொழிற்படை 485. வீதம் 3.1 ஆக இறங்குகிறது. ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை.

2. அந்த 15 பேரும் வெளிநாடு போகிறார்கள். அவர்கள் இனி இந்தக் கிராமத்தின் வழமையான வதிவாளர் அல்லர். மறுபடியும் 3.1. கிராமத்தில் ஒரு வேலையும் புதிதாக உண்டாகவில்லை.

3. பக்கத்து ஊரில் ஓர் ஆடைத் தொழிற்சாலை ஆட்களை எடுக்கப் போவதாகச் செய்தி வருகிறது. வீட்டில் இருந்த 30 பெண்கள் விண்ணப்பிக்கிறார்கள். தொழிலற்றோர் 60, தொழிற்படை 530. வீதம் 11.3 ஆக ஏறுகிறது. நிலைமை மோசமாகவில்லை, நம்பிக்கைதான் கூடியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு இரண்டாவது மாற்றம் முக்கியமானது. வெளிநாட்டில் இருந்து வரும் பணம் வீட்டைக் கொண்டுநடத்துவதால் கிடைத்த வேலைக்குப் போகாமல் நல்ல வேலைக்குக் காத்திருக்க முடிகிறவர்களும் இருக்கிறார்கள். காத்திருப்பவர் தேடினால் தொழிலற்றவர். தேடாவிட்டால் கணக்கிலேயே இல்லை. ஒரு நாளும் காத்திருக்க முடியாதவர்கள் கிடைத்த கூலிவேலைக்குப் போய், தொழிலில் உள்ளோர் ஆகிவிடுகிறார்கள். ஏழைக்குத் தொழிலற்றவராக இருக்கக் கட்டுப்படியாகாது. தேசிய ஆய்வுகளில் க.பொ.த உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களின் தொழிலின்மை வீதம் சராசரியைவிடத் தொடர்ந்து கூடுதலாக இருப்பதற்கும், 15 முதல் 24 வரையான வயதினரின் வீதம் 20 சதவீதத்தைத் தாண்டி நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குறையை விதி வகுத்த புள்ளிவிபரவியலாளர் மாநாட்டுக்காரர்களும் அறிவார்கள். 2013இல் நடந்த 19ஆவது மாநாடு, தொழிலின்மை வீதத்தோடு இன்னும் மூன்று அளவுகளைச் சேர்த்து மொத்தம் நாலாக வகுத்தது: குறைந்த நேரமே வேலை கிடைத்து இன்னும் செய்ய விரும்புகிறவர்களைச் சேர்த்த வீதம், வேலை வேண்டும் என்றிருந்தும் தேடாதவர்களை, அல்லது தேடியும் உடனே போக முடியாதவர்களைச் சேர்த்த வீதம், எல்லோரையும் சேர்த்த வீதம். முதலாவதை மட்டும் தலைப்பில் போடுவது செய்தி உலகத்தின் பழக்கம்.

போன கிழமையா, போன வருடமா?

தொழிலை அளக்க இரண்டு காலச் சட்டகங்கள் உள்ளன. ஒன்று கடந்த ஏழு நாட்கள். மற்றது கடந்த பன்னிரண்டு மாதங்கள். அதில் பெரும்பகுதி என்ன செய்தார் என்று கேட்பது. இந்தியத் தொகைமதிப்பு இரண்டாவதைப் பின்பற்றுகிறது: ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தவர் குறுங்காலத் தொழிலாளர். அதனால் தமிழ்நாட்டு மாவட்டமொன்றின் தொகைமதிப்பு எண்ணையும் யாழ் மாவட்டத்தின் தொழிற்படை ஆய்வு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரிவராது.

ஏழு நாள் முறையில் நினைவுப் பிழை குறைவு. போன கிழமை செய்ததை யாரும் மறப்பதில்லை. ஆனால் பருவத்தோடு ஓடும் ஊரில் எந்த ஏழு நாள் என்பது பெரிய கேள்வி.

குருநகர், பருத்தித்துறைக் கடற்றொழிலாளரைப் பாருங்கள். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் கொந்தளித்தால் சிறுபடகுகள் நாட்கணக்கில் கரையில் கிடக்கும். இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் வலை அறுபடும் என்று போகாமல் இருப்பவர்களும் உண்டு. அந்தக் கிழமை கணக்கெடுப்பாளர் வந்து "போன கிழமை வேலை செய்தீர்களா?" என்றால் இல்லை என்ற பதில் வரும். உண்மையில் அவர் அறுந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பார். தன் தொழிலுக்கான வலையைச் சீர்செய்வதும் விதிப்படி வேலைதான். அதைக் கேட்டறிந்தால் அவர் தொழிலில் உள்ளவர். கேட்காவிட்டால் தேடவும் இல்லை, செய்யவும் இல்லை என்று வெளியே போய்விடுவார். கடற்றொழிலாளி வேறு வேலை தேடி விண்ணப்பம் எழுதப் போவதில்லை அல்லவா?

வலிகாமத்தில் வெங்காயம் நடும்போதும் கிண்டும்போதும் கூலிக்குப் போகும் பெண்களுக்கும், பருவம் முடிந்ததும் வருமானம் இறங்கிவிடும் கள்ளிறக்கும் தொழிலாளருக்கும் இதே சிக்கல்.

2012 தொகைமதிப்பின் கணக்கெடுப்புத் தருணம் மார்ச் 20. 2024இல் அது டிசெம்பர் 19. களவேலை ஒக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. மார்ச் மாதம் காலபோக அறுவடை ஓய்ந்த வறண்ட காலம். ஒக்டோபரிலிருந்து டிசெம்பர்வரை மாரி. வயல் விதைப்பும் வெள்ளமும் கரையில் இழுத்துவிட்ட படகுகளுமான காலம். ஏழு நாள் விடைகளை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிடும்போது, பன்னிரண்டு வருட மாற்றம் எவ்வளவு, பருவ மாற்றம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். வருடத்தின் நாலு காலாண்டிலும் நடக்கும் ஆய்வில் இந்தப் பருவ ஏற்றத்தாழ்வு சமப்பட்டுவிடும்.

2013ஆம் ஆண்டு மாநாட்டில் விதியும் மாறியது. அதற்கு முன் தன் வீட்டுத் தேவைக்கே நெல் விளைவித்தவரும் தொழிலில் உள்ளவராக எண்ணப்படலாம். புதிய விதிப்படி, பெரும்பாலும் தானே நுகர்வதற்காகச் செய்யும் உற்பத்தி உழைப்புத்தான், ஆனால் தொழில் அல்ல. விற்பதற்காகச் செய்வதே தொழில். வீட்டுத்தேவைக்கு மட்டும் மரவள்ளியும் கத்தரியும் வைத்திருப்பவர் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துவிடுவார், வாழ்க்கையில் ஒன்றும் மாறாமலே. எந்த இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டாலும் அறிக்கையின் வரைவிலக்கணப் பக்கத்தை முதலில் திறப்பது இதனால்தான்.

அப்படியானால் தொகைமதிப்பு எதற்கு?

தொழிலின்மை வீதத்துக்குத் தொகைமதிப்பு நல்ல கருவி அல்ல. பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் எண், கேள்விகள் குறைவு, பதில் சொல்பவர் இன்னொருவர். அந்த வேலைக்கு 1990இல் தொடங்கிய காலாண்டுத் தொழிற்படை ஆய்வு இருக்கிறது. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 வீடுகளை நாடு முழுதும் தெரிவுசெய்து, பயிற்சி பெற்றவர்களைக்கொண்டு விரிவாகக் கேட்கிறது.

ஆனால் ஆய்வின் பலவீனம் மாவட்ட மட்டத்தில் தெரியும். ஒரு மாவட்டத்தில் அகப்பட்ட தொழிற்படையினர் 1,000 பேர், அதில் 50 பேர் தொழிலற்றோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீதம் 5 சதவீதம். தற்செயல் தெரிவால் வரும் பிழையைக் கணக்கிட்டால் உண்மை எண் ஏறத்தாழ 3.6க்கும் 6.4க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். வீடுகளைக் கொத்துக் கொத்தாகத் தெரிவுசெய்வதால் இந்த வீச்சு இன்னும் விரியும். ஆகவே "யாழ் மாவட்டத்தில் தொழிலின்மை 5இலிருந்து 6 ஆக உயர்ந்தது" என்ற செய்தியில் செய்தியே இல்லாமல் இருக்கலாம். நெடுந்தீவுக்குத் தனியாக வேண்டுமென்றால் ஆய்வால் ஒன்றும் சொல்ல முடியாது. அங்கு அகப்பட்டிருக்கக்கூடிய வீடுகள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும்.

அங்கேதான் தொகைமதிப்பு வேண்டியிருக்கிறது. யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் 435 கிராம அலுவலர் பிரிவுகளுக்கும் எண் தரக்கூடிய ஒரே கணக்கு அது. அதோடு ஆய்வுக்கு வீடுகளைத் தெரிவுசெய்யும் பட்டியலே தொகைமதிப்பில் இருந்துதான் வருகிறது. பட்டியல் பழுதானால் ஆய்வும் பழுதாகும்.

இதில் வடக்கின் வரலாறு தனி. 1981க்குப் பிறகு 1991இல் தொகைமதிப்பே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அதில் இல்லை. 2012இல்தான், 31 வருடங்களுக்குப் பிறகு, மாவட்டம் முழுவதும் எண்ணப்பட்டது. தொழிற்படை ஆய்வும் பல வருடங்கள் வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடந்தது. 2011இலிருந்துதான் எல்லா மாவட்டங்களும் சேர்ந்தன. எனவே 1980களிலிருந்து யாழ்ப்பாணத்தின் தொழிலின்மை எப்படி மாறியது என்று கோடு கீறிக் காட்டும் எந்த வரைபடத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். நடுவில் கோட்டுக்கு அடியில் புள்ளிகள் இல்லை.

அட்டவணையில் எதைப் பார்ப்பது?

என் அபிப்பிராயத்தில், தொகைமதிப்பின் தொழில் அட்டவணைகளில் தொழிலின்மை வீதம் இருக்கும் பக்கத்தைக் கடைசியாகப் பார்க்கலாம். முதலில் பார்க்கத்தக்கவை இவை.

1. தொழில்நிலை. தொழிலில் உள்ளோரில் எத்தனை பேர் சம்பளம் பெறும் ஊழியர், எத்தனை பேர் தொழில்கொள்வோர், எத்தனை பேர் சொந்தக் கணக்கில் செய்பவர்கள், எத்தனை பேர் பங்களிக்கும் குடும்பத் தொழிலாளர் என்ற பிரிப்பு. ஓட்டோ ஓட்டுபவர், பெட்டிக்கடைக்காரர், ரியூசன் ஆசிரியர் எல்லோரும் சொந்தக் கணக்குக்காரர். ஒரு கிராம அலுவலர் பிரிவில் இந்தப் பங்கு மிகப் பெரிதாக இருந்தால், அங்கு தொழிலின்மை 3 சதவீதம் என்பதைக் கொண்டாடுமுன் யோசிக்க வேண்டும்.

2. பங்கேற்பு, ஆண் பெண் வேறாகவும் வயது வாரியாகவும். 25 முதல் 34 வயதுப் பெண்களில் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்ற ஒரு வரி, மொத்த வீதத்தைவிடக் கூடச் சொல்லும்.

3. தொழிலும் தொழிற்துறையும். இரண்டும் வேறு. ஆசுபத்திரி அம்புலன்ஸ் ஓட்டுநரின் தொழில் சாரதி; தொழிற்துறை சுகாதாரம். சர்வதேச வகைப்படுத்தல் தொழில்களைப் பத்துப் பெரும் பிரிவாக்குகிறது; இலங்கையின் வகைப்படுத்தலும் அதைத் தழுவியதே. இங்கே கணக்கெடுப்பாளரின் கையில் நிறைய இருக்கிறது: "கூலி", "பிஸ்னஸ்", "தனியாரில வேலை" என்று பதிந்தால் பிறகு குறியீடு இடுபவருக்கு அது எதற்கும் உதவாது. "வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி", "கைத்தொலைபேசி திருத்தும் கடை" என்று பதிந்தால்தான் பிரிவு சரியாக விழும்.

4. படிப்பையும் தொழிலையும் குறுக்காக வைத்த அட்டவணை. பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் பட்டம் தேவைப்படாத தொழிலில் இருக்கிறார்கள் என்பதை அது காட்டும். மாவட்டச் செயலகத்தின் முன் இருந்தவர்களின் குறையைப் புள்ளிவிபரத்தில் தேட வேண்டிய இடம் இதுதான். ரியூசன் எடுக்கும் பட்டதாரிகள் வயது, கல்வி, தொழில்நிலை மூன்றும் சேரும் கட்டத்தில் நிற்பார்கள்: 25 முதல் 34 வயது, பட்டம், சொந்தக் கணக்கு. கிராம அலுவலர் பிரிவுக்கு இவ்வளவு நுணுக்கமான அட்டவணை அச்சில் வருவது அரிது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்கலாம், பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர்களும் பிரதேச சபைகளும் கேட்கவும் வேண்டும்.